பதினொரு மெஷினின் இடப்பக்கம்

மெஷின்காரருக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபத்தாறு வருடம் பின்பால் மெஷின்களோடு போயிற்று; பக்கத்துக்கு ஒரு பட்டன், அதை அழுத்தினால் மட்டை எழுந்து, உருண்டு வரும் பந்தைக் குழிக்குள் விழாமல் தட்டிவிடும் ஆட்டம் அது. காலையில் விளையாட்டுக் கடை திறக்குமுன் பதினொரு மெஷினையும் ஆடிப் பார்த்து, சரியென்று சொல்லவேண்டும். ஊரெல்லாம் காசு கொடுத்து ஆடுவதை இவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார் என்று மச்சான் கேலி பேசுவான். வந்து ஆடட்டுமே அவன், தினம் பதினொன்று!

எட்டு மாதமாக இடது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. பட்டனை அழுத்தினால் மட்டை ஒரு கணம் பிந்தி எழுந்தது; அதற்குள் பந்து போய்விடும். மனிதர் என்ன செய்தார்? மெஷின் இறுகிவிட்டது என்று முடிவு கட்டினார். மூடியைத் திறந்து, லேசாகத் தொட்டாலே மட்டை எழும்படி, பட்டனுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளின் இடைவெளியைக் குறைத்தார். பிறகு அடுத்த மெஷின். பதினொன்றுமா இறுகும்? யோசிக்காமல் இல்லை, யோசித்ததை நம்பப் பயம்.

"ஆட வர்றவங்க புகார் சொல்றாங்க. விரலை வச்சாலே இடது மட்டை துள்ளுதாம், பந்தை நிறுத்தவே முடியலையாம்," என்றார் கடை முதலாளியம்மா. "ஒரு மெஷின்னா பரவாயில்லை. எல்லாமுமா? ஒண்ணைச் சரிபண்ணி என் எதிர்லயே ஆடிக் காட்டுங்க."

மெஷின்காரர் ஒரு மெஷினைத் திறந்தார். இடைவெளியைப் பழையபடி வைத்துவிட்டு ஆடினார். இடப்பக்கம் வந்த பந்துக்குப் பட்டனைத் தொடவே இல்லை. அசையாத மட்டையில் பட்டுத் தானாக வலப்பக்கம் தாவவிட்டார். அங்கே வலது மட்டையைத் தூக்கிப் பிடித்து, அதன் மடியில் பந்தை நிறுத்தினார். மூன்று நிமிடம் பந்து விழவில்லை.

"பிரமாதம். இப்ப இடப்பக்கம் நிறுத்துங்க, பார்ப்போம்."

பந்தை அந்தப் பக்கம் அனுப்பி, அழுத்தினார். மட்டை எழுந்தபோது பந்து குழிக்குள் போயிருந்தது.

"விரலா?"

"எட்டு மாசமா."

"சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொன்னா வேலை இருக்குமாம்மா?"

மெஷின்காரருக்கு அழுகைகூட வரவில்லை; எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

மிச்சம் பத்து மெஷின். ஒவ்வொன்றாகத் திறந்து இடைவெளியைக் கூட்டினார். இனி எதுவும் தன் கைக்கு அடங்காது என்று தெரிந்தேதான் செய்தார். கடைசி மெஷினைச் சோதிக்க நின்றபோது, முதலாளியம்மா இடப்பக்கம் வந்து பட்டனில் விரலை வைத்தார்.

"எப்ப அழுத்தணும்னு சொல்லுங்க."

"இருங்க... இப்பம்மா!"

அழுத்துவதற்குள் பந்து போயிற்று.

"ரொம்ப லேட்டும்மா," என்றார் மெஷின்காரர், அலுப்போடு.

"கத்துக்கறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"எட்டு மணிக்கும்மா," என்று சொல்லிவிட்டு மெஷின்காரர் அடுத்த பந்தை விட்டார்.