ஆடியில் கிடைத்த ஹால்

சிட்லபாக்கம் காலனி நலச்சங்க ஹாலில் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் மட்டும் பூட்டுத் தொங்கும். அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் கனகவல்லிக்கு யோசனை வந்தது.

தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு வேலை. லீவு நாளில் மின்சார ரயிலேறி எழும்பூர் மியூசியத்துக்குப் போய், இந்தக் காலத்து ஓவியர்கள் வரைந்ததைப் பார்த்துவிட்டு வருவாள். நம் பக்கத்திலும்தான் வரைகிறார்கள், அதை நம் ஊரில் மாட்டினால் என்ன என்று தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் மூன்று மாதங்களையும் சங்கத்தில் கேட்டு வாங்கினாள். ஆடியில் அருள்மேரியின் ஓவியங்கள், புரட்டாசியில் வில்பிரட் பழைய இரும்பைப் பற்றவைத்துச் செய்த உருவங்கள், மார்கழியில் ஐசக்கின் புகைப்படங்கள். நோட்டீஸ் அடித்து வீடுவீடாகக் கொடுத்தும் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் செயலாளர் கஸ்தூரிரங்கன் அவளைக் கூப்பிட்டார்.

"ஆடியில யாராவது புதுசா ஒண்ணை ஆரம்பிப்பாளாம்மா? விளக்கேத்த நான் வரமாட்டேன். கமிட்டியிலயும் வேண்டாம்கறா. தள்ளுபடி விற்பனைக்குப் புடவைக்காரர் ஒருத்தர் ஹாலைக் கேட்டுண்டிருக்கார்."

"அவர் மட்டும் ஆடியில ஆரம்பிக்கலாமா சார்?"

"அது வியாபாரம்மா."

ஹால் காலியாகக் கிடைத்த காரணமே இப்போது குறுக்கே நின்றது. முதல் கண்காட்சி நின்றால் மற்ற இரண்டும் நின்றுவிடும். கனகவல்லி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வேலையில் இருக்கும்போதுதான் பளிச்சென்று பட்டது. ஆடியில் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதானே? ஆனியிலேயே ஆரம்பித்துவிட்டால்?

ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு ஹாலை எடுத்திருந்தவர் பீர்க்கன்கரணை துரைராஜ். லாரி ஷெட் வைத்திருக்கிறவர். அருள்மேரியையும் அவள் வரைந்த பெரிய படம் ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

"என் பொண்ணு கல்யாணத்துல இத மாட்டணுமா?" துரைராஜ் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது இன்னா எடம்மா?"

"தாம்பரம் ஸ்டேஷன்ணா. காலையில ஆபீஸ் டைம்," என்றாள் அருள்மேரி.

"ஆளே காணோம், கோடு கோடாக் கீது?"

"ஓடறவங்க அப்படித்தான்ணா தெரிவாங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. நானும் அதுல ஓடிக்கினு இருந்தவன்தான். பந்தி பக்கம் மாட்டிக்க. மாப்பிள்ளை வூட்டுக்காரன் எவனாவது பேஜார் பண்ணா என்னாண்ட சொல்லு."

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, வரவேற்புக்கு நடுவே, அந்தப் படத்தின் கீழே ஒரு சின்ன விளக்கை வைத்தாள் கனகவல்லி. கல்யாணத்துக்கு வந்திருந்த கஸ்தூரிரங்கனிடம் தீப்பெட்டியை நீட்டினாள்.

"இன்னிக்கு ஆனிதான் சார். ஆடியில நாம எதையும் ஆரம்பிக்கலே. நடக்கறது தொடர்ந்து நடக்கப்போறது."

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கை ஏற்றினார்.

சாப்பிட்டு முடித்தவர்கள் வெற்றிலையை மென்றபடி படத்தின் முன்னால் கூடினார்கள். எது பிளாட்பாரம், எது பாலம் என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். மற்ற படங்கள் எங்கே என்று ஒரு அம்மாள் கேட்டாள். கனகவல்லி பட்டுப்புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஆடி, புரட்டாசி, மார்கழி என்று மூன்று கண்காட்சிகளையும் உரக்கச் சொன்னாள். பந்தியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் புடவைக்காரர் முன்பணத்தோடு வந்தார். கஸ்தூரிரங்கன் அதைத் தொடவில்லை.

"ஹால் இல்லைய்யா. அங்க ஏற்கெனவே ஒரு கண்காட்சி நடந்துண்டிருக்கு. நான்தான் திறந்து வச்சேன்."