தேய்ந்த சொல்லுக்கு ஒரு நட்சத்திரக் குறி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்து வருஷமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற இயந்திரத்தின் சூடான உருளைக்குள் கொடுத்து வாங்குகிற அவளுக்கு அங்கே 'வாயாடி' என்று பெயர். ஊர்வம்பு பேசுகிறவள் இல்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா போகமாட்டாள், அவ்வளவுதான். அதற்கே இந்தப் பட்டம்.

திங்கட்கிழமை, பக்கத்தில் நின்ற பெண்ணின் விரல்கள் உருளையில் மாட்டிக்கொண்டன. தட்டினால் இயந்திரத்தை நிறுத்தவேண்டிய பாதுகாப்புக் கம்பி, எத்தனை தடவை தட்டியும் நிறுத்தவில்லை. வாயாடிதான் ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தாள். மறுநாள் வாயாடியின் கைக்கே ஒரு கடிதம் வந்தது. விபத்துக்கு அவளுடைய கவனக்குறைவுதான் காரணமாம். வெள்ளிக்கிழமை விசாரணை, சரியான விளக்கம் இல்லையென்றால் வேலை போய்விடும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், "பெரிய இடத்து விவகாரம். ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு" என்றார்.

"தப்பு செஞ்சவங்க கேக்கட்டும். ரெண்டு நாளைக்கு உங்க போனைக் கொடுங்க, என்னோடது ஸ்கிரீன் உடைஞ்சு கிடக்கு."

முதலில் மனு எழுதுவதுபோலத் தேடினாள்: 'ஐயா, கம்பியைத் தட்டியும் மெஷின் நிற்காவிட்டால் யார் குற்றம்?' வந்தவர்கள் எல்லாம் வக்கீல்கள். இயந்திரத்தின் பெயரைப் போட்டாள். விற்கிறவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். கடுப்பு தலைக்கேறியது. பிறகு, எப்படித் தேடுவது என்று சொல்லும் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு இடைவேளையில் அழுக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வராதாம். விலையையும் விற்பனையையும் துரத்தினாள். கடைக்காரர்கள் காணாமல் போனார்கள். வெள்ளை மூட்டையில் கலந்த சாயத்துணியைப் பொறுக்கி எறிகிற வேலைதானே இது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தன் கேள்வியை அடித்துப் பயனில்லை. பதில் இருக்கிற காகிதத்தில் என்ன எழுதியிருக்குமோ, அதைத்தான் அடிக்கவேண்டும். அந்த எழுத்து இயந்திரத்தின் மேலேயே இருந்தது. சிவப்பு ஸ்டிக்கரில் கம்பியைப் பற்றி ஒரு ஆங்கில வரி. தினமும் துடைத்துத் துடைத்து நடுவில் ஒரு சொல் அழிந்திருந்தது. அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தாள். வரி அப்படியே வரவேண்டும் என்று முன்னும் பின்னும் மேற்கோள் குறி, அழிந்த சொல்லின் இடத்தில், எந்தச் சொல் இருந்தாலும் பிடித்துக்கொள்கிற ஒரு நட்சத்திரக் குறி. கூடவே மாடல் எண்ணையும் போட்டு, பி.டி.எஃப். கோப்புகள் மட்டும் வரட்டும் என்று கேட்டாள்.

ஒரே ஒரு முடிவு வந்தது. இயந்திரம் செய்த கம்பெனியின் கையேடு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். தினமும் வேலை தொடங்கும் முன் கம்பியைச் சோதிக்கவேண்டும், மேற்பார்வையாளர் நோட்டில் கையெழுத்திடவேண்டும், நிற்காத இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று போட்டிருந்தது. பத்து வருஷத்தில் அப்படியொரு நோட்டை அவள் கண்ணால் கண்டதில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரின் மேசைமேல் அந்தப் பக்கத்தின் நகலை வைத்தாள்.

"இதுல சொல்லியிருக்கிற நோட்டு எங்க சார்?"

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார். மேலாளர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"தேடினேன், கிடைச்சுது. எப்படித் தேடணும்னு கீழ இருக்கிற பதினோரு பேருக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன்."

"சரி, சரி. நீ போய் வேலையைப் பாரு. அப்புறம் பேசிக்கலாம்."

"வேலை இன்னும் ஆரம்பிக்கலையே சார். காலையில நாங்களே கம்பியைத் தட்டிப் பார்த்தோம். அஞ்சு மெஷின்ல மூணு நிக்கலை. எல்லாத்தையும் அணைச்சுட்டு வாசல்ல நிக்கிறாங்க."

மேலாளர் அவளுக்குக் கொடுத்த கடிதத்தின் நகலைக் கையில் எடுத்தார். மேசை டிராயரைத் திறந்தார்.

"உள்ள வைக்காதீங்க சார்" என்றாள் வாயாடி. "கிழிச்சுப் போடுங்க."