தூணின் நிழலில் ஒரு வரிசை

இந்த ஊரில் நண்பகலிலும் என் நிழல் என்னைவிட உயரம். வடக்கு நோக்கி நடந்தால் எனக்கு முன்பே பேருந்து நிறுத்தத்தை அடைந்து காத்திருக்கிறது. தாம்பரத்தில் அது காலடியில் சுருண்டு கிடக்கும் பூனை; ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் நாய். பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைப் பார்த்து நான் தவறான வண்டியில் ஏறிவிட்டதாக நண்பன் சாதிக் இன்றும் சொல்லித் திரிகிறான்.

கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைவது என் தொழில். திரையின் மேல் வரைகோலை ஓட்டி ஒளியை அடுக்கடுக்காகப் பூசவேண்டும். வந்த நாள்முதல் பனியையும் பூர்ச்ச மரங்களையுமே பூசிக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு விளையாட்டுக்குத் தென்னிந்தியத் தெரு தேவைப்பட்டது. குழுவினர் வரைந்து வைத்திருந்த தெருவில் எங்கும் மஞ்சள் புழுதி. நடுவே ஒரு யானை. எங்கள் வெயில் மஞ்சளன்று, நிறங்களையெல்லாம் வெளுத்துவிடும் வெண்மை என்று வாதிட்டேன். தலைமை ஓவியர் மார்கு ஒரு வாய்ப்பளித்தார். நான் ஒரு படம் வரைந்து குழுவை நம்பவைத்தால் தெரு முழுவதும் என்னுடையது. இல்லையேல் யானை நிலைத்துவிடும்.

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர் நிறுத்தத்தை வரைந்தேன். கல்லூரி நாள்களில் அங்கே விளம்பரப் பலகையைத் தாங்கும் பருத்த இரும்புத் தூண் ஒன்று இருந்தது. முற்பகல் வெயிலில் அதன் நிழல் ஓராள் அகலத்துக்குத் தரையில் விழும். பேருந்துக்கு நிற்போர் அனைவரும் அதற்குள் ஒருவர்பின் ஒருவராக அடங்கிவிடுவோம். நிழல் நகர்ந்தால், பேச்சை நிறுத்தாமலே, நாங்களும் நகர்வோம்.

“அக்கா, கொஞ்சம் அந்தாண்ட போங்க. எனக்குத் தலைக்கு மட்டும்தான் நிழல் கீது.”

“ஒனக்குத் தலையாவது கீது. எனக்குப் பையிக்குத்தான் கீது.”

மார்கு படத்தை நெடுநேரம் பார்த்தார். “நல்ல யோனோ,” என்றார். யோனோ என்றால் வரிசை. அது இந்நாட்டின் அறிவிக்கப்படாத சமயம். “ஆனால் இவ்வளவு நெருக்கமாகவா நிற்பார்கள்? இத்தனை அருமையான வெயில் இருக்க, ஒருவர்கூட அதில் நிற்கவில்லையே?” ஒருவரையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். யானையை எண்ணி நடுங்கிய நான், கண்ணாடி அணிந்த ஒருவரை வெயிலில் நிறுத்தினேன். பின்னர் மனம் கேளாமல் படத்தை அஸ்தினாபுரத்திலிருக்கும் சாதிக்குக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான்.

“இன்னா மச்சான், நம்ம ஸ்டாப்பிங்ல எப்போ ஐஸ் கொட்டுச்சு? நிழலு இன்னாத்துக்கு நீலமா கீது? ஆளுங்கல்லாம் குளுருல நடுங்கினு கீறா மாதிரி கீது.”

திரையை மீண்டும் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. பனிமேல் விழும் நீல நிழலை ஆண்டுக்கணக்கில் வரைந்த கை, என்னைக் கேளாமல் அதைப் பெருங்களத்தூரிலும் பூசியிருந்தது.

“அந்தக் கண்ணாடிக்காரன் யாரு? எல்லாரும் நிழல்ல நின்னுகினு கீறாங்க, அவன் மட்டும் வெயில் காஞ்சிகினு கீறான். வூட்ல சண்டையா?”

“வெளிநாட்டுல இருந்து வந்தவன்டா.”

“அதான பார்த்தேன்.”

நீலத்தை அழித்தேன். எங்கள் ஊர் நிழல் தனித்திருப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் ஆட்டோவின் மஞ்சளும் சாலைப் புழுதியின் செம்மையும் அதற்குள் கசிந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கசியவிட்டதும் முகங்களில் வியர்வை மினுங்கியது. நிழலையும் அதில் நிற்பவர்களையும் கதிரவனின் அடுக்கோடு பிணைத்தேன். குழுவின் முன் வைத்தபோது, அந்த அடுக்கைச் சிறிது சிறிதாக நகர்த்திக் காட்டினேன். தூணின் நிழல் நகர்ந்தது. வரிசை முழுவதும் கடிகார முள்போல அதனுடன் திரும்பியது.

“யார் ஆணையிடுகிறார்கள்?” என்று கேட்டார் மார்கு.

“ஒருவருமில்லை.”

அறை அமைதியாயிற்று. இந்நாட்டில் அமைதி மறுப்புமன்று, ஒப்புதலுமன்று, காத்திருக்கத்தான் வேண்டும். இறுதியில் மார்கு குழுவினர் பக்கம் திரும்பி, “யானையை எடுத்துவிடுங்கள்,” என்றார்.

பிறகு கண்ணாடிக்காரரைச் சுட்டி, “இவர் மட்டும் நகரவில்லையே. சுற்றுலாப் பயணியா?” என்றார்.

“இல்லை, அவ்வூர்க்காரர்தான். வெளியூரில் வேலை,” என்றேன். அவரை அழிக்க மனம் வரவில்லை.

அன்று வீடு திரும்புகையில் மேகமற்ற வானம். நிறுத்தத்திலிருந்த அனைவரும் கண்ணை மூடி முகத்தைக் கதிரவனுக்குக் கொடுத்திருந்தனர். நான் பழக்கத்தால் விளக்குக் கம்பத்தின் நிழலில் நின்றிருந்தேன். குளிர் எலும்பில் இறங்கிய பிறகே அதை உணர்ந்தேன். வெளியே அடி வைக்கப்போகையில் ஒரு மூதாட்டி வந்து, “ஓன்கோ தாமா யோனோ?” என்றார். வரிசை இதுதானா என்று கேட்கிறார்.

“ஆம்,” என்று சொல்லிவிட்டேன்.

அவர் முறைப்படி இரண்டு கைநீளம் தள்ளி என் பின்னே நின்றார். இந்நாட்டு நிழல் நீளமானது. அங்கும் அவருக்கு இடம் இருந்தது. அவருக்குப் பின்னே இன்னொருவர் வந்து நின்றார். இனி நான் நகர்வதெப்படி? பெருங்களத்தூரில் கண்ணாடிக்காரர் வெயிலில் நின்றுகொண்டிருக்க, தம்பெரேயில் நான் என் வரிசையின் தலையில், நடுங்கிக்கொண்டு, நிழல் நகர்வதற்காகக் காத்திருந்தேன்.