மூக்கு மேஸ்திரியின் பிஸ்கட் டப்பா

அந்தப் பேட்டை முழுக்க அவரை மூக்கு மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடப் படியை மூன்று வருஷம் மிதித்ததோடு சரி. ஆனால் ரொட்டி அடுப்புக்கு முன்னால் அவர் நின்றால், படித்தவன் பத்துப் பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த பேக்கரியில் கடிகாரம் பார்த்து ஒரு ரொட்டிகூட வெந்ததில்லை. வெந்த வாசம் மூக்கில் ஏறும், நீளக் கைப்பிடிப் பலகையை உள்ளே விடுவார், அவ்வளவுதான். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மூக்கு இனி எவனுக்கும் வாய்க்காது.

அந்த மூக்கைத்தான் காய்ச்சல் கொண்டுபோனது. வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகப் படுத்தார்கள். அவர் எழுந்தார். அவள் எழவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவள் கடைசிவரை போர்த்தியிருந்த நீலச் சால்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை. வெறும் துணி. மூக்கு செத்துப்போனது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பேக்கரியிலிருந்து பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். வாசத்தை வெளியே விடாத டப்பா எது என்று அவருக்கா தெரியாது? வெந்நீரில் மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, சால்வையை உள்ளே மடித்து வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரி மேல் ஏற்றினார். மூக்கு என்றாவது திரும்பி வரும். வந்த அன்றைக்கு அதைத் திறக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் சாப்பிட்டார், தூங்கினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே அறுபது ரொட்டி கரியாகிப் போனது. முதலாளி, மேஸ்திரியின் மடியில் உட்கார்ந்து பன் தின்று வளர்ந்த பிள்ளை, ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் அடுப்புக்கு மேலே மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை மாட்டினான். அதற்குத் திட்டியே இருக்கலாம். மணி அடிக்கும்போதெல்லாம் யாரோ பிடரியில் தட்டுகிற மாதிரி இருந்தது.

விஷயம் வெளியே வந்துவிட்டது. தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், தன் பெட்டியோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். தினமும் நாலு வாசனை பிடித்துப் பழகினால் சரியாகலாம் என்று டாக்டர் சொன்னாராம். காலையில் அவர் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு பாட்டிலாக மூக்குக்கு நேரே நீட்டுவாள். காபித்தூள், கிராம்பு, எலுமிச்சைத் தோல், மண்ணெண்ணெய். தோல்வியை ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? பாட்டில் குலுங்கும் சத்தத்தை வைத்தே காபித்தூளைக் கண்டுபிடித்து மீசையைத் தடவிக்கொள்வார். ஒருநாள் சத்தமே வரவில்லை.

"கிராம்பு" என்றார், அழுத்தமாக.

"அப்பா, அது காலி பாட்டில்."

"காலியாகறதுக்கு முன்னாடி கிராம்புதானே இருந்துச்சு? யாருகிட்ட வந்து வெளயாடுற?"

மகள் சிரித்துவிட்டாள். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு தெரிந்ததையும் அவர் தப்பாகவே சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு வாங்கினால்தான் அன்றைக்கு பேக்கரிக்குப் போகக் கால் எழும்.

பேக்கரியிலும் ஒன்று நடந்தது. அடுப்பிலிருந்து எடுத்து அடுக்கிய ரொட்டிகள் ஆறும்போது, மேல்தோல் மெல்ல வெடித்து, சன்னமாக முறுமுறு என்று பேசுவது அவர் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வருஷமாக அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர் வாய் ஓய்ந்தால்தானே கேட்கும்? 'இப்பவாச்சும் வாய மூடுனீங்களே' என்று போய்ச் சேர்ந்த பெண்டாட்டி சொல்வது போல இருந்தது. இதை அவளிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்று நினைத்ததும் தட்டு கையில் கனத்தது. ஆனாலும் ஒவ்வொரு ஈடு இறக்கியதும் காதைக் கொடுத்து நின்றுவிட்டுத்தான் நகர்வார்.

ஏழு மாதம் போனது. குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் கட்டில் மேல் நீலச் சால்வை, துவைத்து, இஸ்திரி போட்டு விரித்திருந்தது.

"டப்பாவுல கசங்கிக் கெடந்துச்சுப்பா. பாக்க முடியாம எடுத்து வச்சுட்டீங்களோன்னு நெனச்சேன். இனிமே நீங்க போத்திக்குங்க, குளிருதில்ல."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஏழு மாதக் காத்திருப்பு சாக்கடையில் போயிருந்தது. சால்வையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் புதைத்துக்கொண்டார். எங்கோ தூரத்தில், நூல் மாதிரி ஒன்று உள்ளே ஏறியது.

சோப்பு.

தோள் குலுங்கியது. மகள் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சோப்பு வாசம் வருதும்மா."

அவள் ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்துவந்தாள். கண்ணை மூடி மோந்து, எலுமிச்சை என்றார். எலுமிச்சைதான். கைதட்டப் போனவள், தரையில் கிடந்த டப்பாவையும் அதில் தொங்கிய டேப்பையும் பார்த்தாள். முகம் மாறியது.

"அப்பா... அதத் தொவைச்சிருக்கக் கூடாதோ?"

வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்ததைப் பேசிய மனுஷன், சால்வையின் ஓரத்தைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லாத் தொவைச்சிருக்கம்மா" என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். தேங்காய் எண்ணெயும் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்த வேர்வையுமாக, அவள் தலையிலிருந்து லேசாக ஒரு வாசம் வந்தது. அவள் அம்மாவுடையது இல்லை. இவளுடையது. ஏழு மாதமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் அசையாமல், மூச்சை மெதுவாக இழுத்தபடி உட்கார்ந்திருந்தார்.