திரையில் இல்லாத இரண்டு சீட்டு

போன வாரம் கைபேசியில் சென்னைப் பேருந்தில் இடம் பதிந்தேன். திரையில் இருக்கைகள் கட்டம் கட்டமாக விரிந்ததும், ஈரச்சாக்கில் கட்டிய வெற்றிலையின் வாசனை எங்கிருந்தோ வந்தது. கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை மண்டியின் மாடியில்தான் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. நானும் செல்வமும் காலையில் ஜாவா சொல்லிக்கொடுப்போம். மதியத்தில், யாராவது கேட்டால், மென்பொருள் செய்வோம். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். மீதிப் பேர் அமெரிக்கா போவதற்காக எங்களிடம் படித்தார்கள். நாங்கள் மட்டும் எங்கும் போகவில்லை.

சென்னைக்கு ராத்திரி வண்டி விட்ட பாய் ஒருவர், சீட்டுப் பதிய ஒரு திரை கேட்டார். சீட்டுக்கு ஒரு பட்டன்; அவற்றை அடுக்க ஜாவாவில் இருக்கும் முறைகளில் கிரிட்லேஅவுட் போதும் என்றேன் நான். பட்டன்கள் ஒரே அளவில், சேர்த்த வரிசையில் தாமாகவே உட்காரும். குறை என்னவென்றால், நடைபாதையும் சீட்டு அகலத்துக்கு வந்து நிற்கும். செல்வத்துக்குக் கிரிட்பேக்லேஅவுட் என்ற இன்னொரு முறைதான் பிடிக்கும். அதில் எந்தப் பட்டன் எந்த வரிசை, எந்தப் பத்தி என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும். ஏதாவது ஒன்றை மறந்தால் எல்லாம் நடுவில் குமிந்துகொள்ளும்.

பாய் வந்து பார்த்தார். "டிரைவருக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு இதுல வேணாம் தம்பி. வண்டியில இருக்கும். இதுல தெரியக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. "கள்ளச்சீட்டு விக்கப் பாக்குறாருடா. நாளைக்கு ஏதாவதுன்னா நம்மளத்தான் பிடிப்பாங்க" என்றேன்.

"கிரிட்பேக்ல அந்த எடத்தைச் சும்மா விட்டுடலாம். சுலபம்" என்றான் செல்வம். அவன்மேலும் சந்தேகம் வந்தது.

கடைசியில் அவன் வழிதான் ஜெயித்தது. பாயின் அலுவலகத்தில் அதை நிறுவிய சாயங்காலம், ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். கையில் பை இல்லை. பாய் அவர்களைத் தானே கூட்டிப்போய் டிரைவருக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

திரும்பி வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "அவங்க வீட்டுக்காரர் சவுதியில இறந்துட்டாரு, மய்யித்து வருது. மீனம்பாக்கம் போறாங்க. இப்படி வர்றவங்ககிட்ட எடமில்லைன்னு சொல்ல முடியுமா? திரையில தெரிஞ்சா இங்க சீட்டுப் போடுற பசங்க வித்துடுவானுங்க தம்பி."

திரும்பி வந்து எங்கள் சென்டர் மாடிப்படி ஏறும்போது செல்வம் கேட்டான்: "தினமுமா சாவு வருது? மத்த நாள்ல அந்த சீட்டு என்னாகுது?"

அதன்பின் அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் முதலில் அங்கேதான் பார்ப்பேன். பல நாள் காலியாக இருந்தது. ஒருமுறை இரண்டு பேர் சிரித்துப் பேசி முறுக்குத் தின்றுகொண்டு வந்தார்கள். யார் என்று கேட்க வாய் வரவில்லை.

பாய் இறந்துவிட்டார். வண்டிகளை மகன் விற்றுவிட்டார். செல்வம் கனடாவில் இருக்கிறான். இனி யாரிடம் கேட்பது?