நானே விசாரித்த மொட்டை மனு

எழுபதுகளின் தொடக்கம். மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் மனையியல் ஆசிரியை. சென்னையில் பட்டம் வாங்கியவள். குளிர்சாதனப் பெட்டியை எங்கே வைப்பது, சாப்பாட்டு மேசையை எப்படி அலங்கரிப்பது என்று படம் வரைந்து பாடம் நடத்துவேன். எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் மேசையே கிடையாது. ஒழுங்காகக் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்த அறையில் தையல் வகுப்பு. நடத்தியவர் தற்காலிக ஆசிரியை. விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண், என்னைவிட இளையவர். மெஷின் சத்தத்தை மீறி அங்கே சிரிப்பு கேட்கும். மிராசுதார் வீட்டுப் பெண்ணும் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே மெஷினுக்கு முறை வைத்துக் காத்திருப்பார்கள். வெளியே அந்த இரண்டு வீடுகளும் நடவுக் கூலிக்காக முட்டிக்கொண்டிருந்த காலம். அவர் டேப் எடுத்து நான் பார்த்ததில்லை, கண்ணாலேயே அளந்துவிடுவார். எனக்கும் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். மாயவரத்து டெய்லர் யாருக்கும் வராத கச்சிதம். அதைப் போட்டுக்கொண்டுதான், இடது கையால், அவர்மேல் கல்வி அலுவலகத்துக்கு மொட்டை மனு எழுதினேன்.

அரசாங்கத் தையல் தேர்வில் ஹையர் கிரேடு தேறாதவரை நியமித்தது தவறு என்று விதி எண்ணோடு எழுதினேன். பெயரில்லாத மனுவைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால், பள்ளி மெஷினில் விவசாயக் கூலிச் சங்கத்துக்குச் சிவப்புக் கொடி தைக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தேன். கொடி என்றால் மூடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

மூடவில்லை. விசாரித்து அறிக்கை அனுப்பச் சொல்லி மனு பள்ளிக்கே வந்தது. தலைமையாசிரியை அதை என்னிடம் நீட்டினார். "ரூல் தெரிஞ்சவங்க நீங்கதான். நீங்களே விசாரிச்சு எழுதிடுங்க."

தையல் டீச்சரை எதிரே உட்காரவைத்து, என் மனுவை நானே வாய்விட்டுப் படித்தேன். அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரூல் நம்பர் வரைக்கும் போட்டிருக்காங்களே. நம்ம ஸ்கூல்ல அது தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்" என்றார். குரல் உயரவில்லை. "சர்ட்டிபிகேட் இல்லைங்கறது நிஜம், டீச்சர். வேலை போனாலும் போவட்டும். கொடி பொய். போன வாரம்தான் எங்க அண்ணனை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனாங்க. அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுடுங்க."

எழுந்து போனவர், கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரவிக்கையில இடது தோள் கொஞ்சம் தூக்குது. கொடுத்தனுப்புங்க, பிரிச்சுத் தெச்சுத் தர்றேன்."

கொடிப் புகார் பொய் என்று அறிக்கையில் எழுதினேன். தேர்வெழுத அவகாசம் கொடுக்கவும் விதியில் இடமிருந்தது. மனு எழுதும்போது அந்த விதி மட்டும் மறந்துபோயிருந்தது. விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். தேறினார், நிரந்தரமானார். அவரிடம் படித்தவர்கள் தையல் கடை வைத்துப் பிழைத்தார்கள். நான் வரைந்த குளிர்சாதனப் பெட்டியால் யாரும் பிழைத்ததாகத் தகவல் இல்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய் மனு. ஆனால் யாரைப் பற்றியாவது ஒரு வரி எழுதுமுன், அதை அவர் முகத்துக்கு நேரே வாய்விட்டுப் படிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான வரிகள் அங்கேயே அடிபட்டுவிடுகின்றன.