டாக்டரிடமும் அல்சர்தான்

கோணலாக எழுதுவேன், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு என் வயிற்றுப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். பேத்திக்கு வரன் அமையாதென்று என் மகன், துறைமுகத்தில் பெரிய அதிகாரி, அதை ஊருக்கெல்லாம் அல்சர் என்றே சொல்லிவருகிறான். இப்போது பிரஷர் ஏறி, கால் வீங்கியது. ஜாதவ்பூர் டாக்டரிடமும் அதே பொய்.

"அல்சர்தான் சார். ஊறுகாயை விடமாட்டாங்க."

டாக்டர் சிரித்தார். "மாஷிமா, மெட்ராஸ் ஊறுகாயா?" மாஷிமா என்றால் வங்காளியில் சித்தி.

ஆண்கள் பேசும்போது நான் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன்.

"அல்சர் இல்லே, கேன்சர். கரண்ட் வச்சாங்க."

அவர் சிரிப்பு நின்றது. கரண்ட் பட்ட சிறுநீரகம் பல வருடம் கழித்தும் கெட்டு, பிரஷரை ஏற்றுமாம். உடனே ரத்தப் பரிசோதனை எழுதினார்.

வெளியே வந்ததும் மகன், "பையன் வீட்டுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?" என்றான்.

"என் கிட்னியையும் அவங்களைக் கேட்டுத்தான் பார்க்கணுமாடா?"

இந்தக் கோழையை நம்பியா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

டாக்டர் சொன்னதைச் சரியாக எழுதினேனா, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.